கேரவனின் பிரேக்அவே கம்பியைக் காரோடு சரியாக மாட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குப் பெர்த் போய்க் கேரவன் இழுக்கப் போகிறோம் என்று தெரிந்தவர் யாராவது சொன்னால், அவரைக் காப்பிக்கடைக்கு வரச் சொல்லி ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிடுவேன். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், நேரமும் நம் நேரம்தான். ஓட்டுவதை எல்லாரும் சமாளித்துவிடுகிறார்கள். தடுமாறுவது கிளம்புவதற்கு முன்னால்தான். கார் பின்னால் டோபால், அதாவது கேரவனைப் பூட்டும் இரும்பு உருண்டை, இருப்பதையே நம்மில் பலர் சிங்கப்பூரில் பார்த்ததில்லை. வாடகைக்குக் கொடுப்பவர் கேஸ் அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி என்று அரை மணியில் காட்டிவிட்டுச் சாவியை நீட்டுவார். பிரேக்அவே கம்பிக்கு அதில் கிடைப்பது "இதை இங்கே மாட்டிவிடுங்கள்" என்ற ஒரு வரி.

ஓடும்போது கேரவன் காரை விட்டுக் கழன்றால், இந்தக் கம்பி இழுபட்டுக் கேரவனின் பிரேக்கைத் தானாகப் போட வேண்டும். நான் துவாஸ் பக்கம் ட்ரெய்லர் பட்டறையில் வேலை பார்ப்பவன். பிரைம்மூவர் (கனரக ட்ரெய்லரை இழுக்கும் லாரி) ஓட்டும் தம்பிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிவப்புக் காற்றுக்குழாய் அறுந்தால் ட்ரெய்லர் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும் இல்லையா, அதே கதைதான். கேரவனில் காற்றுக்குப் பதில் கம்பி.

அதனால் கம்பியின் காருப்பக்க நுனி, கேரவனோடு சேர்ந்து கழன்று வரக்கூடிய எதிலும் இருக்கக் கூடாது. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான் நடந்தன.

1. உங்கள் கேரவனில் இருப்பது எந்த வகை?

இரண்டு வகை உண்டு. எது என்று தெரியாமல் கம்பியைத் தொடாதீர்கள். மாட்டும் முறையும் சோதிக்கும் முறையும் வேறு வேறு.

முதல் வகை மின்பிரேக். கேரவனின் முன்சட்டத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் ஒரு பிளாஸ்டிக் பின் செருகியிருக்கும், பின்னின் மறுநுனியில் கம்பி. பின் உருவப்பட்டால் சுவிட்ச் மூடிக்கொண்டு, கேரவனில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் மின்சாரம் நேராகச் சக்கரங்களுக்குள் உள்ள காந்தங்களுக்குப் போகும். பிரேக் பிடிக்கும்.

இரண்டாவது, ஹேண்ட்பிரேக் வகை. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் இதுதான். பேட்டரியும் இல்லை, சுவிட்சும் இல்லை. கம்பி நேராகக் கேரவனின் ஹேண்ட்பிரேக் நெம்புகோலுக்குப் போகும். இழுபட்டால் நெம்புகோல் மேலே எழும்பிப் பிரேக்கைப் போட்டுவிடும். அதன்பின் கம்பியோ கொக்கியோ அறுந்து கேரவன் தனியாக நிற்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் எடுக்கிறீர்கள் என்றால் கேரவனில் அறைந்திருக்கும் தகட்டைப் பாருங்கள். ஏடிஎம், ஜிடிஎம் என்று இரண்டு எடை போட்டிருக்கும். ஏடிஎம் என்றதும் பணம் எடுக்கும் இயந்திரம் நினைவுக்கு வரும், பரவாயில்லை. கேரவன் தனியாக நிற்கும்போது அனுமதிக்கப்பட்ட முழு எடை ஏடிஎம். காரோடு மாட்டிய பிறகு கேரவனின் சக்கரங்கள் மட்டும் தாங்கும் எடை ஜிடிஎம். ஜிடிஎம் 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், கூடவே பிரேக்அவே அமைப்பும் அங்கே கட்டாயம். கழன்ற பிறகு அந்தப் பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்க வேண்டும். அங்கே பெரிய கேரவன்களில் நீங்கள் பார்க்கப்போவது மின்பிரேக்தான்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

சமதளமான இடம், சக்கரக் கட்டைகள் இரண்டு, கையுறை, கைவிளக்கு, கூட ஒரு ஆள். மின்பிரேக் வகைக்கு வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டரும் வேண்டும். இங்கே சிம் லிம் டவரில் மலிவாகக் கிடைப்பதே போதும். அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனால், பேட்டரி நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மின்பிரேக் கேரவனை இழுக்கும் காரில் பிரேக் கன்ட்ரோலர், அதாவது காருக்குள்ளிருந்து கேரவனின் பிரேக்கை இயக்கும் கருவி, பொருத்தியிருக்க வேண்டும். கேரவனை ஓர் இடத்திலும் காரை வேறிடத்திலும் வாடகைக்கு எடுப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காரில் டோபால் இருக்கும், கன்ட்ரோலர் இருக்காது. இதைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

கூட வருபவருக்கு என்ன வேலை என்பதையும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கார் நகரும்போது காருக்கும் கேரவனுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று கையைக் காட்டினால் போதும்.

3. மாட்டுவதற்கு முன் கம்பியையும் பேட்டரியையும் பாருங்கள்

கார் அருகே வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். மாட்டிய பிறகு குனிந்து பார்க்க இடமும் இருக்காது, பொறுமையும் இருக்காது.

கம்பியைக் கையுறையோடு முழு நீளமும் தடவிப் பாருங்கள். இழை பிரிந்திருந்தாலோ, ஓரிடத்தில் மடங்கி முறுக்கு நின்றிருந்தாலோ, மேலுறை கிழிந்து உள்ளே துருப்பிடித்திருந்தாலோ மாற்றச் சொல்லுங்கள். தேய்ந்த கம்பி, பிரேக்கைப் போடுவதற்கு முன்பே அறுந்துவிடும்.

மின்பிரேக் வகையில் மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய அமில பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில கேரவன்களில் இந்த பேட்டரி காரின் பிளக் வழியாகச் சார்ஜ் ஆகும், சிலவற்றில் கூரை சோலார் தகட்டிலிருந்து. எது என்று கேட்டு வையுங்கள்.

அப்புறம் பின்னை உருவிப் பாருங்கள். கார் பிளக் மாட்டாத நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும், அதை மறக்காதீர்கள். பிளக் மாட்டியிருந்தால் கேரவன் பேட்டரியின் மின்சாரம் பிளக் வழியாகக் காருக்குள் ஏறி, கன்ட்ரோலரைக் கெடுத்துவிடக்கூடும். பின்னை உருவியதும் ஒருவர் சக்கரத்தின் பக்கம் காதை வைத்தால் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு மெல்லிய 'ங்ங்' கேட்கும். காந்தத்துக்கு மின்சாரம் போகிறது என்று அர்த்தம். எல்லாச் சக்கரத்திலும் கேட்டுவிட்டு உடனே பின்னைத் திரும்பச் செருகுங்கள். வெளியே விட்டால் பேட்டரியும் தீரும், காந்தமும் சூடாகும்.

கடற்கரையோரமாகச் சுற்றி வந்த கேரவன்களில் உப்புக்காற்றால் பின் சுவிட்சுக்குள்ளேயே இறுகிக் கிடப்பதுண்டு. கையால் உருவ முடியாத அளவுக்கு இறுகியிருந்தால் சுவிட்சை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

ஹேண்ட்பிரேக் வகையில் பார்க்க வேண்டியது குறைவு. முன்சட்டத்தின் அடியில் கம்பி போவதற்கென்று ஒரு வளையம் இருக்கும். கம்பி அதன் வழியாக வருகிறதா என்று பாருங்கள். வளையத்தை விட்டு வெளியே தொங்கினால், இழுபடும்போது கம்பி பக்கவாட்டில் போகும். நெம்புகோல் சரியாக மேலே எழாது.

4. கப்ளிங்கை உருண்டையில் பூட்டுங்கள்

கேரவன் ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காரை மெல்லப் பின்னுக்குக் கொண்டுவந்து, ஜாக்கி வீலை (கைப்பிடியைச் சுற்றி ஏற்றி இறக்கும் சிறு முன்சக்கரம்) சுற்றிக் கப்ளிங்கை, அதாவது உருண்டையைக் கவ்வும் கேரவனின் முன்நுனியை, டோபால் மீது இறக்குங்கள். பூட்டிய சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஜாக்கி வீலை எதிர்ப்பக்கம் சில சுற்று சுற்றுங்கள். கப்ளிங் உண்மையில் பிடித்திருந்தால் காரின் பின்பக்கமும் கூடவே மேலே எழும்பும். பிடிக்கவில்லை என்றால் கேரவன் மட்டும் எழும்பும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கம்பிக்கு வேலை வராமல் பார்த்துக்கொள்வது இதுதான்.

5. சங்கிலிகள்

ஆஸ்திரேலியக் கேரவன்களில் பாதுகாப்புச் சங்கிலி தனியாக உண்டு. இரண்டு இருந்தால் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காக மாற்றி, இடது சங்கிலியை வலதிலும் வலது சங்கிலியை இடதிலும் மாட்டுங்கள். கப்ளிங் கழன்றால் முன்சட்டம் தரையில் குத்தாமல் தொட்டில் மாதிரி சங்கிலிகள் ஏந்திக்கொள்ளும். எடை முத்திரை உள்ள ஷேக்கிள்தான் (குறுக்கே ஆணி போட்டுப் பூட்டும் வளைந்த இரும்பு வளையம்) போட வேண்டும். சாதாரணக் கடைக் கொக்கி வேண்டாம்.

6. மின்பிரேக் வகை: கம்பியை எங்கே மாட்டுவது

இங்கேதான் நிதானம் வேண்டும். குனிந்து காரின் பின்பக்கத்தைப் பாருங்கள். காரின் சட்டத்தோடு போல்ட் போட்ட ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். அதன் நடுவில் ரிசீவர் எனப்படும் சதுரக் குழாய். குழாய்க்குள் செருகியிருக்கும் இரும்புத் துண்டை நாங்கள் நாக்கு என்போம், அதன் நுனியில்தான் உருண்டை. நாக்கை ரிசீவரில் நிறுத்தி வைத்திருப்பது விரல் பருமனில் ஒரு இரும்புக் குச்சியும் அதன் நுனியில் ஒரு சிறிய கிளிப்பும் மட்டுமே.

அந்தக் கிளிப் விழுந்து, குச்சி நழுவிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்கு, உருண்டை, கப்ளிங், கேரவன் எல்லாம் ஒன்றாகக் காரை விட்டுப் போகும். உங்கள் கம்பி நாக்கில் மாட்டியிருந்தால் அதுவும் கூடவே போகும். பின் உருவப்படாது, பிரேக்கும் பிடிக்காது. கம்பி மாட்டியும் மாட்டாத மாதிரிதான்.

ஆகவே கம்பியின் கொக்கியைக் குறுக்குச் சட்டத்தில் இருக்கும் ஓட்டையிலோ, அதில் பொருத்திய தனி ஷேக்கிளிலோ மாட்டுங்கள். நாக்கில் வேண்டாம், இரும்புக் குச்சியில் வேண்டாம், உருண்டையின் கழுத்தில் வேண்டாம்.

பாதுகாப்புச் சங்கிலியிலும் வேண்டாம், சங்கிலி மாட்டிய அதே ஷேக்கிளிலும் வேண்டாம். "சங்கிலி பக்கத்திலேயே இருக்கிறதே அண்ணே, அதிலேயே கோத்துவிடலாமே" என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. அந்த ஒரு ஷேக்கிள் போனால் இரண்டு பாதுகாப்பும் ஒரே நொடியில் போய்விடும்.

7. ஹேண்ட்பிரேக் வகை: கொக்கியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

இந்த வகையில் கம்பி நுனியில் இரண்டு விதக் கொக்கி வரும். ஒன்று மெல்லிய கம்பியை வளைத்துச் செய்தது, பார்க்க ஊக்கு மாதிரி இருக்கும். இதை நேராக எதிலும் மாட்டித் தொங்கவிடாதீர்கள். இழுவை வந்தால் ஊக்கு விரிவது மாதிரி விரிந்துவிடும். காரின் வளையத்துக்குள் கம்பியை நுழைத்து, திரும்பக் கொண்டுவந்து அதே கம்பியின் மேல் மாட்டுங்கள். அப்போது இழுவை கம்பியில் விழும், கொக்கியில் விழாது.

மற்றொன்று மலையேறுபவர்கள் பயன்படுத்துவது போன்ற கனமான கொக்கி. நேராக வளையத்தில் மாட்டலாம் என்று அதன் தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் அப்படியே மாட்டலாம்.

சில பழைய கார்களில் கம்பிக்கென்று தனி வளையமே இருக்காது. உருண்டை நிரந்தரமாகப் பொருத்தப்பட்டதாக இருந்தால் மட்டும், அதன் கழுத்தில் ஒரே ஒரு சுற்று சுற்றிக் கம்பியின் மேலேயே மாட்டலாம். கழற்றி மாட்டும் உருண்டை என்றால் கழுத்தில் சுற்றவே கூடாது. காரணம் மேலே சொன்ன நாக்குக் கதைதான். நெதர்லாந்தில் நிரந்தர உருண்டையானாலும் கழுத்தில் சுற்றுவது செல்லாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் வளையம் உள்ள காரையே எடுங்கள்.

ஒரு நண்பர், கம்பி மெலிதாக இருக்கிறதே என்று பயந்து, வன்பொருள் கடையில் தடித்த இரும்புக் கயிறு வாங்கிப் போட்டிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் இந்தக் கம்பி ஹேண்ட்பிரேக்கைப் போட்ட பிறகு அறுந்துவிட வேண்டும், அதற்கென்றே அளந்து செய்தது. அறுந்தால்தான் கேரவன் காரை விட்டுத் தனியாக நிற்கும். அறுந்து போகாத கயிறு, பிரேக் பிடித்த கேரவனை உங்கள் காரோடு தாறுமாறாக இழுத்துக்கொண்டு வரும். மாற்ற வேண்டுமென்றால் அந்தக் கேரவனுக்கான கம்பியையே வாங்குங்கள்.

8. கம்பியின் நீளமும் வழியும்

இரண்டு வகைக்கும் பொது. கார் முழுதாக வளைந்து திரும்பும்போதும் கம்பி தளர்வாக இருக்க வேண்டும். தரையைத் தொடவும் கூடாது.

குட்டையாக இருந்தால், பெட்ரோல் நிலையத்தில் ஒரு திருப்பம் திரும்பியதும் பின் உருவிக்கொண்டு பிரேக் பிடிக்கும். ஹேண்ட்பிரேக் வகையில் இன்னும் மோசம். நெம்புகோல் பாதி எழும்பி நிற்கும், பிரேக் லேசாக உரசிக்கொண்டே வரும், உங்களுக்குத் தெரியாது. நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போன பிறகு கருகிய வாடை வந்து இறங்கிப் பார்த்தால், சக்கரத்தில் கை வைக்க முடியாது.

நீளமாக இருந்தால் ரோட்டில் உரசித் தேயும். அதற்காகக் கம்பியை முன்சட்டத்திலோ ஜாக்கி வீல் தண்டிலோ நாலு சுற்று சுற்றிக் குறைக்காதீர்கள். இழுபடும்போது சுற்றுகள் இறுகிக் கம்பி அங்கேயே நின்றுவிடும், இழுவை பின்னுக்கோ நெம்புகோலுக்கோ போய்ச் சேராது. சரியான நீளத்தில் வேறு கம்பி கேளுங்கள். பிளக் வயரோடு பின்னிக் கிடந்தால் பிரித்துவிடுங்கள். வயர் ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம் போகட்டும்.

9. ஜாக்கி வீல், இழுத்துப் பார்த்தல், அப்புறம்தான் பிளக்

ஜாக்கி வீலை முழுதாக ஏற்றிப் பூட்டுங்கள். ஹேண்ட்பிரேக் வகையில் பாதி ஏற்றிய ஜாக்கி வீல் அடியில் போகும் பிரேக் தண்டில் இடிக்கும். பிறகு சக்கரக் கட்டைகளை எடுங்கள், கேரவன் ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள்.

மின்பிரேக் வகையாக இருந்தால், பிளக் மாட்டுவதற்கு முன் இன்னொரு சோதனை. கூட இருப்பவர் பக்கவாட்டில் நின்று பின்னைக் கையால் உருவிவிட்டு விலகட்டும். நீங்கள் காரை மெல்ல முன்னே எடுங்கள். பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது மாதிரி கேரவன் முரண்டு பிடிக்க வேண்டும். சாதாரணமாக உருண்டு வந்தால், ரீங்காரம் கேட்டிருந்தாலும் பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கேரவனைத் திருப்பிக் கொடுங்கள். பிடித்தால் பின்னைச் செருகுங்கள். 'டக்' என்று முழுதாக உட்கார வேண்டும்.

இப்போது பிளக். விளக்குகளைப் பாருங்கள், காருக்குள் கன்ட்ரோலர் கேரவனைக் கண்டுகொண்டதா என்று பாருங்கள். காலி இடத்தில் மெதுவாக ஓட்டி, கன்ட்ரோலரின் கைவிசையால் கேரவன் பிரேக்கை மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிரேக்அவே கம்பி நன்றாக இருப்பது ஒன்று, கால் பிரேக்கோடு கேரவன் பிரேக் வேலை செய்வது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

10. ரோட்டுக்கு வருமுன் ஒரு சுற்று

கேரவன் பார்க்குக்குள்ளேயே நடை வேகத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக இடப்பக்கம் ஒடித்து ஒரு திருப்பம், வலப்பக்கம் ஒரு திருப்பம். கூட இருப்பவர் வெளியே நின்று கம்பியை மட்டும் பார்க்கட்டும். இறுகுகிறதா, எதிலாவது சிக்குகிறதா, தரையைத் தொடுகிறதா? மாட்டி நிறுத்தி வைத்திருக்கும்போது சரியாகத் தெரிகிற கம்பி, திருப்பத்தில் ஜாக்கி வீல் கைப்பிடியில் போய்ச் சிக்கிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரோட்டில் ஏறிய பத்து நிமிடத்தில் ஒருமுறை ஓரங்கட்டிப் பாருங்கள். அப்புறம் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும், கிளம்புமுன் கையால் தொட்டு: உருண்டை, சங்கிலி, கம்பி, பிளக், ஜாக்கி வீல், ஹேண்ட்பிரேக். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தொடுங்கள். பிள்ளைகளைச் சொல்ல வைத்தால் இன்னும் நல்லது, அவர்கள் ஒன்றையும் விடமாட்டார்கள்.

11. கழற்றும்போது

வரிசை தலைகீழ் என்று பொதுவாகச் சொல்வார்கள். முழுக்க அப்படி இல்லை. முதலில் சக்கரக் கட்டை, கேரவன் ஹேண்ட்பிரேக். அடுத்து பிளக், கம்பி, சங்கிலி. கடைசியில் ஜாக்கி வீலை இறக்கிக் கப்ளிங்கைத் தூக்குவது. ஹேண்ட்பிரேக் போடாமல் எதையும் கழற்றாதீர்கள். சமதளம் என்று நினைத்த இடம் லேசாகச் சரிந்திருந்தாலும் கேரவன் நகரும்.

பெர்த்துக்குத் தெற்கே ஒரு கேரவன் பார்க்கில் நானே இதில் கோட்டைவிட்டேன். பிளக்கைக் கழற்றினேன், சங்கிலியைக் கழற்றினேன், கப்ளிங்கைத் தூக்கினேன், பால் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கடை வாசலில் இறங்கிப் பார்த்தால், கார் பின்னால் ஒரு வால் மாதிரி கம்பி, அதன் நுனியில் பின். திரும்பி வந்தபோது கேரவன் சக்கரம் நாலும் ரீங்காரம் பாடிக்கொண்டிருந்தது. மீட்டரில் 11 வோல்ட்டுக்குச் சற்று மேல். மறுநாள் காலை பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டிய இடத்தை, பார்க் அம்மாவிடம் கெஞ்சி மத்தியானம்வரை வைத்துக்கொண்டு, பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.

அதற்குப் பிறகு கழற்றும்போது கம்பியைக் காரிலிருந்து எடுத்ததும் கேரவன் முன்சட்டத்தில் ஒரு சுற்றாகத் தொங்கவிட்டு, காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். பின் மட்டும் சுவிட்சுக்குள்ளேயே இருக்கட்டும். வண்டி நிற்கிறதே, அதையே பார்க்கிங் பிரேக்காக வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் பின்னை உருவி வைப்பதுண்டு. பேட்டரி தீர்ந்ததும் அந்தப் பிரேக் விட்டுவிடும்.